ஜீப் பேரிங் கொடுங்கள் என்று கேட்காதீர்கள்: பழைய ஃபோர் வீல் வண்டிக்குச் சரியான சக்கர பேரிங் தேடுவது எப்படி

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் சக்கர பேரிங் பேச்சு எப்படியும் வந்துவிடும். "எல்லா ஜீப்புக்கும் ஒரே பேரிங்தான்" என்பார் ஒருவர். "உள் விட்டம் சரியாக இருந்தால் போதும், போட்டுவிடலாம்" என்பார் இன்னொருவர். "நட்டை நல்லா முறுக்கிவிடு, சத்தம் நின்னுடும்" என்பது மூன்றாமவரின் வைத்தியம். மூன்றும் தப்பு. ஆனால் மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இன்னும் புழங்குகின்றன.

புது வண்டி என்றால் பெயரையும் வருடத்தையும் சொல்லி உதிரிப்பாகம் வாங்கிவிடலாம். 30 வயது தாண்டிய வண்டிக்கு அது எடுபடாது. பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணையும், பேரிங் உட்காரும் இடத்தின் அளவையும் வைத்துத்தான் வாங்க வேண்டும். ஏன் என்று புரிய, பேரிங் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

பேரிங்குக்கு இரண்டு சுமை

சக்கரம் பூட்டியிருக்கும் இரும்புக் கூடு ஹப். அதற்குள் நுழைந்திருக்கும், சுற்றாத தண்டு ஸ்பிண்டில். ஹப் சுற்ற வேண்டும், ஸ்பிண்டில் நிற்க வேண்டும், வண்டியின் எடையும் இறங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதுதான் சக்கர பேரிங்.

மேலிருந்து கீழே இறங்கும் வண்டி எடையை நேர்ச்சுமை என்று வைத்துக்கொள்வோம். இது எப்போதும் உண்டு. வளைவில் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசை ஒன்று வரும், அது பக்கச்சுமை. கொல்லிமலைக்கு ஏறும் வண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் பக்கச்சுமை இடமும் வலமும் மாறி மாறி அடிக்கும். இரு முனையும் ஒரே பருமனான உருளை ரோலர் வைத்த சாதாரண பேரிங் நேர்ச்சுமையை அருமையாகத் தாங்கும், பக்கச்சுமைக்கு லாயக்கில்லை. அதனால்தான் பழைய ஜீப், லேண்ட் ரோவர் போன்றவற்றின் ஹப்புகளில் டேப்பர் ரோலர் பேரிங் இருக்கிறது. அதாவது, ஒரு முனை பருத்து மறு முனை சிறுத்த ரோலர்கள் கொண்ட பேரிங்.

டம்ளரை உருட்டிப் பாருங்கள்

அடி சிறுத்து வாய் அகன்ற டம்ளர் ஒன்றைத் தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். நேராகப் போகாது, வட்டமடிக்கும். சிறுத்த அடிப்பக்கம் வட்டத்தின் உள்ளே இருக்கும், அகன்ற வாய் வெளியே ஓடும். டம்ளரின் சாய்ந்த பக்கத்தைக் கோடாக நீட்டினால் எங்கே போய்க் கூராக முடியுமோ, அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் வட்டம். இந்த வட்டத்தை விட்டு வேறு வழியில் போகச் சொன்னால் டம்ளர் உருளாது, தேய்ந்துகொண்டு இழுபடும்.

டேப்பர் பேரிங்கின் ரோலர்களும் இதே கணக்கில்தான் செய்யப்படுகின்றன. எல்லா ரோலர்களின் சாய்வுக் கோடுகளும், அவை ஓடும் இரண்டு பாதைகளின் சாய்வுக் கோடுகளும் ஸ்பிண்டிலின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் சந்திக்கும். அப்போதுதான் ரோலர் முழு நீளமும் உருளும், இழுபடாது. சாய்ந்து நிற்பதால் நேர்ச்சுமையோடு பக்கச்சுமையையும் தாங்கும். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து வருவதை மட்டும். அதனால் ஒவ்வொரு ஹப்பிலும் இரண்டு பேரிங், எதிரும் புதிருமாக. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஸ்பிண்டில் முனையில் இருக்கும் நட்.

இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். ரோலர்களோடு சேர்ந்த உள்வளையத்துக்குக் கோன் என்று பெயர், அது ஸ்பிண்டிலில் ஏறும். ரோலர்கள் ஓடும் வெளிவளையம் கப், அது ஹப்புக்குள் அடித்து இறக்கப்படும். இரண்டும் தனித்தனியாகக் கழன்று வரும். குழப்பம் ஆரம்பிப்பதும் இங்கேதான்.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: கோனும் கப்பும் ஒரே சாய்வில் பிறந்த ஜோடி. சாய்வு வேறான கப்புக்குள் ஒரு கோன் நுழைந்து உட்காரலாம், ஆனால் ரோலரின் ஒரு முனை மட்டும் சுமை தாங்கும், மறு முனை சும்மா இருக்கும். அப்படி ஓடும் பேரிங் சீக்கிரமே சூடாகிப் பொரிந்துவிடும்.

முதலில், சத்தம் பேரிங்கிலிருந்துதானா?

பேரிங் தேடிக் கிளம்பும் முன் நோய் அதுதானா என்று பார்த்துவிடுங்கள். பேரிங் போனால் வேகத்தோடு ஏறும் ஒரு ஊளைச் சத்தம் வரும். வலது பக்கம் திரும்பினால் எடை இடது சக்கரத்தில் சாயும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பெரிய பட்டன் டயர் போட்ட வண்டியில் டயரே இதே மாதிரி ஊளையிடும், ஆனால் திரும்பும்போது அவ்வளவாக மாறாது.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கிறதா? இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் அது சக்கர பேரிங்கில். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின்னில் தேடுங்கள். முன் சக்கரம் இடம் வலம் திரும்புவதற்காக மேலும் கீழும் இருக்கும் ஊன்றுதான் கிங் பின். ஜீப் செய்த அமெரிக்கக் கம்பெனியான வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் அதற்கும் டேப்பர் பேரிங்தான், எண் 11590, கப் 11520. அங்கே ஆட்டம் இருக்க, சக்கர பேரிங்கை மாற்றிவிட்டு "புது பேரிங்கும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய பேர்.

எண்ணே முகவரி

கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். கோனின் அகன்ற பக்க விளிம்பில் ஒரு எண் இருக்கும். கப்பின் விளிம்பில் வேறொரு எண் இருக்கும். 1941 முதல் 1945 வரை வந்த ராணுவ வில்லிஸ் எம்பி ஜீப்பின் முன் ஹப்பில் கோன் 18590, கப் 18520. உள் பக்கம், வெளிப் பக்கம் இரண்டுக்கும் இதே ஜோடி. பின்னால் பொதுமக்களுக்காக வந்த சிஜே வகைகளிலும் பல காலம் இதுவே தொடர்ந்தது. 1940களின் கடைசியில் மகிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியது இந்த வில்லிஸ் குடும்பத்து வண்டிகளைத்தான்.

கடையில் இதை 18590/20 என்று சுருக்கி எழுதுவார்கள். முதல் எண் கோன், சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது கப்பின் கடைசி இரண்டு இலக்கம். இந்த எண் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானதல்ல. டிம்கென் செய்தாலும், ஜெய்ப்பூரில் என்பிசி செய்தாலும் 18590 என்றால் அதே உள் விட்டம், அதே சாய்வு. வண்டிக் கம்பெனி தன் டப்பாவில் வேறு ஏதோ நீளமான பாக எண்ணை ஒட்டியிருக்கலாம், உள்ளே இருக்கும் பேரிங்கின் முதுகில் இந்த எண்தான் இருக்கும். அதனால் வண்டி உதிரிப்பாகக் கடையில் "அந்த மாடல் நின்னு போச்சுங்க" என்று கையை விரித்தால் மனம் தளர வேண்டாம். பேரிங் மட்டுமே விற்கும் கடைக்குப் போய் எண்ணைச் சொல்லுங்கள். அவர்களுக்கு உங்கள் வண்டி எது என்றே தெரிய வேண்டியதில்லை. விவசாய இயந்திரத்துக்கு வாங்குகிறீர்களா என்றுகூடக் கேட்பார்கள்.

இன்ச்சா, மில்லிமீட்டரா?

18590 கோனின் உள் விட்டம் 41.275 மி.மீ. கப்பின் வெளி விட்டம் 73.025 மி.மீ. இப்படி யாராவது அளவு வைப்பார்களா என்று தோன்றும். 25.4 ஆல் வகுத்துப் பாருங்கள். முதலாவது ஒன்றரையே அரைக்கால் இன்ச், இரண்டாவது மூன்றுக்கு அரைக்கால் இன்ச் குறைவு. அமெரிக்க வரைபடத்தில் இன்ச்சில் பிறந்த அளவு, அவ்வளவுதான். அளந்து பார்க்கும்போது இப்படி முழுமையில்லாத மில்லிமீட்டர் வந்தால் இன்ச் பேரிங் என்று உடனே சந்தேகப்பட வேண்டும்.

மில்லிமீட்டர் பேரிங்குகளின் எண்ணில் ஒரு வசதி உண்டு. 30206, 32008 போன்ற எண்களில் கடைசி இரண்டு இலக்கத்தை 5 ஆல் பெருக்கினால் உள் விட்டம் கிடைக்கும்: முதலாவது 30 மி.மீ., இரண்டாவது 40 மி.மீ. இன்ச் வரிசைக்கு இந்தக் கணக்கு ஓடாது. 18590 இல் 90 ஐ 5 ஆல் பெருக்கி 450 மி.மீ. என்று யாரும் தேடப்போவதில்லை, ஆனால் எல்எம்102949 மாதிரி எண்ணைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுக் குழம்புவதுண்டு. அதன் உள் விட்டம் 45.242 மி.மீ., எண்ணிலிருந்து எடுக்கவே முடியாது.

எண்ணுக்கு முன்னால் வரும் எல்எம் போன்ற எழுத்துகளையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஜே என்ற எழுத்து இருந்தால் அளவு மில்லிமீட்டரில். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஹப்புகளில் வரும் ஜேஎல்எம்104948 அப்படித்தான்: உள்ளே 50, வெளியே 82, இரண்டும் முழு மில்லிமீட்டர்.

சரி, இதில் தேவையானது இவ்வளவே: கோனுக்கு ஒரு எண், கப்புக்கு ஒரு எண், இரண்டையும் எழுத்தோடு சேர்த்து எழுதிக்கொள்வது. உள் விட்டம் எண்ணிலேயே தெரிவது மில்லிமீட்டர் வரிசையில் மட்டும்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால்

"உள் விட்டம் சரியாக இருந்தால் போதும்" என்ற பேச்சு எங்கே கவிழும் என்று இப்போது காட்டுகிறேன். எல்எம்501349 என்று ஒரு கோன் உண்டு. ஜீப் வட்டாரத்தில் இதுவும் நன்றாகப் புழங்கும். இதன் உள் விட்டமும் 41.275 மி.மீ., 18590 இல் இருக்கும் அதே அளவு. ஒரே ஸ்பிண்டிலில் இரண்டும் வழுக்கிக்கொண்டு ஏறும். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

ஆனால் இதன் ஜோடியான எல்எம்501310 கப்பின் வெளி விட்டம் 73.431 மி.மீ. 18520 கப்போடு வித்தியாசம் 0.406 மி.மீ. கையில் பிடித்தால் தெரியாது, பழைய ஸ்கேலில் வைத்தாலும் தெரியாது. ஹப்புக்குத் தெரியும்.

18520 கப்புக்காகக் கடைந்த ஹப்பில் 501310 ஐ அடித்து இறக்கப் பார்த்தால் இறங்காது. இறக்கியே தீருவேன் என்று பெரிய சுத்தியல் எடுத்தால் கப் வெடிக்கும், அல்லது ஹப்பின் உட்சுவர் வழன்று போகும். தலைகீழாக, பெரிய ஹப்பில் சிறிய கப்பைப் போட்டால் விரலால் தள்ளினாலே உள்ளே போய்விடும். "ஆஹா, சுலபமா உட்கார்ந்துடுச்சே" என்று சந்தோஷப்படுவது இந்த இடத்தில்தான். ஹப் சுற்றும்போது அந்தக் கப் தனியாக வழுக்கிச் சுற்ற ஆரம்பிக்கும், ஹப்பின் உட்சுவரைத் தின்னும். அப்புறம் மாற்ற வேண்டியது பேரிங்கை அல்ல, ஹப்பை. பழைய வண்டிக்கு நல்ல ஹப் கிடைப்பது பேரிங் கிடைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். கப்பின் வெளியே பன்ச் வைத்துப் புள்ளி குத்தி இறுக்கமாக்குவது, பால் டப்பாத் தகட்டை வெட்டிச் சொருகுவது என்று பட்டறைக்குப் பட்டறை கைவைத்தியம் இருக்கிறது. மலை ரோட்டில் ஆள் ஏற்றி ஓடும் வண்டிக்கு இதையெல்லாம் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

அகலமும் வேறு. 18590/20 ஜோடியின் மொத்த அகலம் 16.667 மி.மீ., 501349/10 ஜோடிக்கு 19.558. கிட்டத்தட்ட 3 மி.மீ. கூடினால் நட்டுக்கும் பூட்டு வாஷருக்கும் ஸ்பிண்டிலில் மரை போதாமல் போகலாம். இன்னும் ஒரு சிக்கல்: அதே 501349 கோனுக்கு எல்எம்501314 என்று இன்னொரு கப் இருக்கிறது. வெளி விட்டம் ஒன்றுதான், ஆனால் அகலம் கூடி ஜோடி 21.43 மி.மீ. ஆகிவிடும். கடைச் சீட்டில் 10 என்று இருக்கிறதா 14 என்று இருக்கிறதா என்று பார்ப்பது இதற்குத்தான்.

வண்டிப் பெயர் ஏன் ஏமாற்றுகிறது

பழைய ஜீப் என்பது பெரும்பாலும் ஒரு வண்டி அல்ல, இரண்டு மூன்று வண்டிகளின் கூட்டுக்குடும்பம். ராணுவ ஏலத்தில் எடுத்தது, ஒரு ஆக்ஸில் மட்டும் புதுப்பேட்டையில் வாங்கிப் போட்டது, பின்னால் வேறு மாடலின் ஹவுசிங் ஏற்றியது, டிஸ்க் பிரேக்குக்காக முன் ஹப்பையே மாற்றியது. ஆர்சி புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது. இடது சக்கரத்தில் ஒரு எண், வலது சக்கரத்தில் வேறு எண் என்று இருக்கும் வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் ஒரு பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு நாலு சக்கரத்துக்கும் வாங்கி வராதீர்கள்.

முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் அமைப்பிலேயே வேறாக இருக்கலாம். ஹப்பின் நடுவில் வட்டமாக போல்ட்டுகள் கொண்ட மூடி துருத்திக்கொண்டிருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங்: ஆக்ஸில் தண்டு சக்கரத்தைச் சுற்ற மட்டும் செய்யும், எடை முழுவதும் ஹப் பேரிங்குகள் இரண்டின் மேல். அப்படி இல்லாமல், எடையையும் ஆக்ஸில் தண்டே தாங்கினால் செமி ஃப்ளோட்டிங். அதில் பேரிங் தண்டின் மேலேயே அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும், கழற்ற பிரஸ் வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் முதல் வகை ஹப்புக்கு. இரண்டாம் வகைக்கும் எண் பார்க்கும் முறை அதேதான், பூட்டும் முறை வேறு.

எண் அழிந்துபோனால்

துருப்பிடித்து, சூட்டில் நீலம் பாய்ந்து, எண் தெரியாமல் போன பேரிங்கும் வரும். அப்போது வெர்னியர்தான் கதி. கோனின் உள் விட்டம், கப்பின் வெளி விட்டம், இரண்டையும் சேர்த்து வைத்த மொத்த அகலம் என்று மூன்று அளவு வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள். 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர் போதும், 0.406 வித்தியாசம் அதில் பளிச்சென்று தெரியும். தேய்மானம் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது ரோலர் ஓடும் பாதையில்தான் அதிகம். கப்பின் வெளி விட்டம் பெரும்பாலும் பிறந்த அளவிலேயே இருக்கும்.

கப்பை அளந்த கையோடு ஹப்பின் உட்குழியையும், கோனை அளந்த கையோடு ஸ்பிண்டிலையும் அளக்க வேண்டும். முன்னால் யாராவது தப்பான பேரிங்கைப் போட்டிருந்தால் பழைய பேரிங்கை மட்டும் நம்புவது அந்தத் தப்பையே மறுபடி வாங்குவதாகும். ஹப்பின் குழி கப்பைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் சுற்றுகிற வளையம் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பது விதி. நிற்கிற ஸ்பிண்டிலில் கோன் கையால் தள்ளினால் ஏறலாம், அது குறையல்ல. ஸ்பிண்டிலில் கோன் ஏறும் இடம் பள்ளமாகியிருந்தால் புது பேரிங் அங்கே நிலைக்காது, முதலில் ஸ்பிண்டிலைக் கவனிக்க வேண்டும்.

வாங்கும்போது, பூட்டும்போது

கோனையும் கப்பையும் சேர்த்தே வாங்குங்கள், ஒரே கம்பெனியில். கப் நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதில் புதுக் கோனைப் போடுவது மிச்சமே அல்ல, பழைய பாதையின் தேய்வு புது ரோலரைக் கெடுக்கும். ஆயில் சீலையும் கூடவே மாற்றிவிடுங்கள். ஓடிச் சூடான ஹப் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். காட்டாறு கடக்கும் வண்டிகளில் பேரிங் துருப்பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். போலிச் சரக்கு நிறைய. டப்பா அச்சு மங்கலாக இருந்தாலோ, பேரிங்கில் எண் கோணல்மாணலாக இருந்தாலோ, விலை நம்ப முடியாமல் குறைந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டிருந்தால் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சுமை விழும் இடம் வெளியே நகர நகர பேரிங்கின் மேல் நெம்புகோல் விசை கூடும். சரியான எண், அசல் சரக்கு, நல்ல கிரீஸ் எல்லாம் இருந்தும் அடிக்கடி பேரிங் போகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது ஸ்பேசரைத்தான்.

கிரீஸ் ரோலர்களுக்கு நடுவே போக வேண்டும். ஏபி 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஊட்டுங்கள். ஹப்பு முழுவதும் கிரீஸைத் திணிப்பது வீண், சூடேறினால் சீலைத் தாண்டி பிரேக் லைனரில் வந்து நிற்கும்.

நட் விஷயம் மூன்றாமவரின் வைத்தியத்துக்கு நேர் எதிர். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, லேசாகப் பிடிக்கும்வரை நட்டை இறுக்குங்கள். இப்போது ரோலர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஆறில் ஒரு சுற்று பின்னால் திருப்புங்கள், அறுமுக நட்டில் ஒரு முகம். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், கையில் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. பூட்டு வாஷரை வைத்து, அதன் மேல் வரும் இரண்டாவது நட்டான வெளி நட்டை இறுக்கிய பின் மறுபடி ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், வெளி நட் இறுகும்போது உள் நட் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்.

10, 15 கிலோமீட்டர், அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நாலு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், பிரேக் ஷூ உரசவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அந்த நட்டைத் தளர்த்துங்கள். புதுக் கப் ஹப்பில் முழுதாக உட்காராமல் இருந்தால் ஓட ஓட உட்கார்ந்து ஆட்டம் கொடுக்கும், அதனால் 100 கிலோமீட்டருக்குள் ஜாக்கி வைத்து இன்னொருமுறை பார்த்துவிடுங்கள். கோன், கப் எண்களை பெயிண்ட் மார்க்கரால் ஹப் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்தால் அடுத்து கழற்றுகிற மெக்கானிக்குக் கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.